அட்டை மில்லின் ஜட்ஜு

எழுதப்பட்ட காகிதம் எதுவானாலும், அது அழிவதற்கு முன் ஒருவராவது அதை முழுக்கப் படித்தாக வேண்டும் என்று நம்பிய மனிதர் இந்தத் தேசத்தில் ஒரே ஒருவர்தான் இருந்தார். துரதிர்ஷ்டவசமாக, அவருக்கு வேலை கொடுத்தது காகிதத்தை அழிக்கிற ஒரு மில். அதைவிடப் பெரிய துரதிர்ஷ்டம், அவருக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும்.

மில் இருந்தது சென்னீர்குப்பத்தில், பெங்களூர் சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி. இன்று போய்ப் பார்த்தால் அங்கே ஒரு மில் இருந்தது என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். சுண்ணாம்பு ஊறிப்போன ஒரு துண்டு நிலம் மட்டும் புல் முளைக்காமல் கிடக்கிறது. நான் சொல்வது யுத்த காலம். வெள்ளைக்காரன் இன்னும் கிளம்பவில்லை. கிளம்புவான் என்று பேச்சு மட்டும் இருந்தது.

அட்டை செய்கிற முறை எளிது. வைக்கோலை நறுக்கிச் சுண்ணாம்புத் தண்ணீரில் ஊறப்போட்டு வேகவைப்பார்கள். அதோடு பழைய காகிதத்தையும் சேர்த்து, கத்தி உருளை சுழலும் பெரிய தொட்டியில் அடித்துக் கூழாக்குவார்கள். கூழைத் தகடு தகடாக வார்த்துப் பொட்டல் வெளியில் காயப்போட்டால் அட்டை. இது புத்தகத்தில் உள்ளபடி. எங்கள் மில்லில் வந்தது நடுவில் தடித்து ஓரத்தில் மெலிந்த ஒரு பொருள். அப்பளத்துக்கும் வரட்டிக்கும் நடுவே எங்கேயோ சேர்த்தி. காய்வதற்குள் அதிலும் கால்வாசியை மாடுகள் தின்றுவிடும். அக்கம்பக்கத்துக் குடியானவர்கள் வைக்கோலை மில்லுக்கு விற்றுவிட்டு, மாட்டை அட்டை மேய அனுப்பினார்கள். எங்கள் வீட்டு மாடும் அதில் ஒன்று. ஆகவே இதைப் பற்றி நான் அதிகம் பேசக்கூடாது.

நாற்றத்தைச் சொல்லியாக வேண்டும். பெட்ரோல் கிடைக்காமல் கரியைப் போட்டு ஓட்டிய பஸ்ஸில் வருகிறவர்கள் வானகரம் தாண்டியதும் மூக்கைப் பிடித்துக்கொள்வார்கள். சென்னீர்குப்பம் வந்துவிட்டது என்று கண்டக்டர் குரல் கொடுத்து நான் கேட்டதில்லை. தேவைப்படவில்லை.

முதலாளி பட்டணத்தில் மளிகை மொத்த வியாபாரம் செய்தவர். எங்கேயோ மூடிப்போன மில்லின் இயந்திரங்களை வாங்கிவந்து இங்கே நட்டார். அட்டையைப் பற்றி அவருக்கு அதுவரை தெரிந்திருந்தது, சீட்டுக்கட்டை அதில்தான் செய்கிறார்கள் என்பது. நான் மில்லில் ரைட்டர். வருகிறதையும் போகிறதையும் எண்ணி எழுதுவது, கட்டுகளில் முத்திரை குத்துவது, முதலாளி திட்டும்போது எதிரே நிற்பது ஆகிய மூன்றும் என் உத்தியோகம்.

நம்முடைய ஆள் காகிதக் கொட்டகைக்குத் தலைவர். பட்டணத்திலிருந்து வண்டி வண்டியாக வரும் பழைய காகிதத்தில் ஊசி, நூல், அரக்கு எல்லாவற்றையும் பிரித்தெடுத்துத் தரம் பார்த்துத் தொட்டிக்கு அனுப்ப வேண்டியது அவர் பொறுப்பு. அவருக்குக் கீழே முப்பத்திரண்டு பெண்கள். முன்னே ஏதோ ஒரு கோர்ட்டில் டவாலி சேவகராக இருந்தவராம். சாட்சி சொல்வதும் வழக்குக் காகிதத்தில் எழுதியிருப்பதும் ஒத்துவரவில்லை என்று, வழக்கு நடக்கும்போதே நின்ற இடத்திலிருந்து கையைத் தூக்கினாராம், வேலை போய்விட்டது. இது அவர் சொன்ன கதை. வேறு கதையும் இருக்கலாம். எந்த ஊர், என்ன ஜாதி என்று கேட்டால், "கூண்டுல ஏறி நின்னு கேளு, சொல்றேன்" என்பார். பெயர் கேட்டவர்களுக்கும் அதே பதில். எல்லோருக்கும் அவர் ஜட்ஜுதான்.

கவிழ்த்துப் போட்ட ஒரு மரப்பெட்டியின் மேல் ஜட்ஜு உட்காருவார். தோளில் குறுக்கே சேவகர் காலத்துப் பழைய டவாலிப் பட்டை, பித்தளை வில்லை இல்லாமல். ஒவ்வொரு காகிதமாகக் கையில் வாங்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, எழுத்தெழுத்தாகக் கூட்டி, உரக்கப் படிப்பார். படித்து முடித்ததும் தீர்ப்பு. "தொட்டி" என்றால் அந்தக் காகிதத்துக்கு ஆயுள் முடிந்தது. "வாய்தா" என்றால் கூரைச் செருகலில் போய் உட்காரும், பிறகு யோசிக்கப்படும். "விடுதலை" என்றால், உரியவரைத் தேடி அவரே கொண்டுபோய்க் கொடுத்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஜட்ஜு நடக்கிற நடையைக் கண்டு பூந்தமல்லியைச் சுற்றியுள்ள கிராமங்களில் பலர் கதவைச் சாத்திக்கொண்டார்கள்.

ஐயப்பன்தாங்கலில் ஒரு பள்ளிக்கூட வாத்தியார். வீட்டில் சேர்ந்த பழைய காகிதத்தை மூட்டையாகக் கட்டி விற்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜட்ஜு வாசலில் நிற்கிறார்.

"சார், மாமியா கடுதாசிக்குப் பதிலு போட்டீங்களா?"

"யாருய்யா நீ?"

"அத்த அப்பால பாக்கலாம். கெயவிக்குக் கண்ணு தெரியாம பூட்ச்சாம். பொண்ண ஒரு தபா இட்டாந்து காட்டச் சொல்லி மூணு பக்கம் எய்திகீது."

"அட, அது பழைய கடுதாசிய்யா! மாமியா போயே நாலு வருஷமாச்சு!"

ஜட்ஜு அந்தக் கடிதத்தை மடித்து வாத்தியாரின் கையில் வைத்தார். "அப்ப பதிலு வர்ற வரிக்கும் கெயவி உசுரோட இல்ல. செரி, நா வர்றேன்."

வாத்தியாரின் மனைவி உள்ளே அரிசி களைந்துகொண்டிருந்தாள். அப்படி ஒரு கடிதம் வந்ததே அவளுக்கு அதுவரை தெரியாது. அதன்பிறகு ஒரு மாதம் வாத்தியார் தாமே சமைத்துச் சாப்பிட்டார் என்று ஐயப்பன்தாங்கலில் சொன்னார்கள்.

வானகரத்து விஷயம் இன்னும் விசித்திரமானது. யாரோ ஒரு பட்டணத்துக்காரருக்குப் போன கல்யாணப் பத்திரிகை, பிரிக்கப்படாத உறையோடு கொட்டகைக்கு வந்தது. 'இஷ்டமித்திர பந்துக்களுடன் வந்திருந்து' என்று அச்சடித்திருந்ததை ஜட்ஜு கால் மணி நேரம் படித்தார். கூப்பிட்டவர் கூப்பிட்டிருக்கிறார், போக வேண்டியவர் போகவில்லை, அது அநியாயம் என்று தீர்மானித்தார். வேட்டியைத் துவைத்துக் கட்டிக்கொண்டு வானகரத்துக்குப் போய்விட்டார். கல்யாணம் நடந்து எட்டு வருஷம் ஆகியிருந்தது. தம்பதிகளுக்கு மூன்று குழந்தைகள். குடியானவர் வீடு, நல்ல மனிதர்கள். வந்தவரை எப்படித் திருப்பி அனுப்புவது என்று தெரியாமல் இலை போட்டார்கள். சாப்பிட்டு, மாப்பிள்ளையையும் பெண்ணையும் சேர்த்து நிற்கவைத்து அட்சதை போட்டுவிட்டு வந்தார். "பருப்பு நல்லா வெந்துச்சு" என்று திங்கட்கிழமை எங்களிடம் அறிக்கை கொடுத்தார்.

முதலாளி இதையெல்லாம் பொறுத்துக்கொண்டதற்கு அன்பு காரணமல்ல. ஒருமுறை, "நான் அட்டை மில் நடத்துறேனா, வாசகசாலை நடத்துறேனா?" என்று கத்தி, கொட்டகையில் இனி வாய்விட்டுப் படிக்கக்கூடாது என்று உத்தரவு போட்டார். அன்று சாயங்காலம் கணக்கெடுத்தால் பிரித்த காகிதம் பாதிதான். ஊரான் வீட்டு ரகசியம் காதில் விழுந்துகொண்டிருந்தவரை பெண்களுக்குக் கை தானாக ஓடியிருக்கிறது. வாசிப்பு நின்றதும் கையும் நின்றுவிட்டது. மறுநாளே உத்தரவு வாபஸ்.

"படி நைனா, அன்னிக்கு அந்த வக்கீலு பொண்டாட்டி ஊட்ட வுட்டுப் போனவ திரும்ப வந்தாளா இல்லியா?" என்று முதலில் கேட்டவள் அஞ்சலை.

அஞ்சலையைப் பற்றிச் சொல்ல வேண்டும். கொட்டகையில் ஜட்ஜுவை எதிர்த்துப் பேசக்கூடிய ஒரே ஆள் அவள். மில்லுக்குப் பின்னால் இருந்த சேரியில் குடியிருந்தாள். மற்றப் பெண்களும் அங்கேதான். முன்பு எங்களைப் போன்றவர்களின் நிலங்களில் நாற்று நட்டவர்கள், மில் வந்ததும் காகிதம் பிரிக்க வந்தார்கள். சேரிக்குக் கிணறு கிடையாது. ஊர்க் கிணற்றுப் பக்கம் அவர்கள் வரக்கூடாது என்று ஊரார் வைத்திருந்தார்கள். அந்த ஊராரில் எங்கள் வீடும் அடக்கம். கோடையில் அவர்கள் ஏரிக்குள் குழி பறித்து, ஊறுகிற சேற்றுத் தண்ணீரைக் கொட்டாங்குச்சியால் மொண்டு குடித்தார்கள். ஒரு கோடையில் அந்தத் தண்ணீர் அஞ்சலையின் சின்னப் பெண்ணை வாந்திபேதியில் கொண்டுபோயிற்று.

கிணறு கேட்டு மனு எழுதித் தரும்படி அவள் என்னைத்தான் கேட்டாள். நான் எழுதிக் கொடுத்தேன். மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். பெண் இறந்த பிறகு எழுதியது மூன்றாவது. எல்லோரிடமும் கைநாட்டு வாங்கிப் பட்டணத்திலுள்ள சர்க்கார் ஆபீஸுக்கு அனுப்பினோம். எந்த ஆபீஸ் என்பது வேண்டாம். அங்கே இருந்தவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று மரியாதையாக இருக்கிறார்கள். பதில் வரவில்லை.

இந்த நிலையில் முதலாளிக்கு அதிர்ஷ்டம் அடித்தது. அதே ஆபீஸுக்குக் கோப்பு உறைகள் செய்து கொடுக்கச் சொல்லி ஆர்டர். முதல் தவணை நானூறு. பிடித்திருந்தால் வருஷம் முழுக்க. முதலாளி தரையில் கால் படாமல் நடந்தார். ஒரே ஒரு நிபந்தனை: உறையின் உள்பக்கம் காகிதம் ஒட்டியிருக்க வேண்டும். வெறும் வைக்கோல் அட்டையில் வைத்தால் கோப்பெல்லாம் மாட்டுக்கொட்டகை வாசனை அடிக்கும் என்று எங்கள் அட்டையைப் பற்றிச் சரியாகவே தெரிந்துவைத்திருந்தார்கள். யுத்த காலத்தில் ஒட்டுகிற காகிதத்துக்கு எங்கே போவது? முதலாளி பட்டணம் முழுக்க அலைந்துவிட்டு வெறுங்கையோடு வந்தார்.

அவர் அலைந்துகொண்டிருந்த நேரத்தில்தான் அந்த ஆபீஸின் பழைய காகிதம் ஒரு வண்டி நிறைய எங்கள் கொட்டகைக்கு வந்து இறங்கியது. வருஷவாரியாக, சிவப்பு நாடா போட்டு, மிக ஒழுங்காகக் கட்டியிருந்தார்கள். ஜட்ஜு முதல் கட்டைப் பிரித்தார். எல்லாம் கடித உறைகள். ஒவ்வொன்றின் மேலும் 'பெறப்பட்டது' என்று முத்திரை. ஒன்றுகூடக் கிழிக்கப்படவில்லை.

ஜட்ஜு இரண்டாவது கட்டைப் பிரித்தார். மூன்றாவது. எல்லாம் அப்படியே.

"முத்திரை குத்தக் கை கீது. ஒறையக் கியிக்கக் கை இல்ல" என்றார்.

உள்ளே இருந்தவை மனுக்கள். வானகரத்தார் ஏரி மதகுக்குப் பலகை கேட்டிருந்தார்கள். ஐயப்பன்தாங்கலார் மழையில் அறுத்துக்கொண்டு போன பாதையைச் சீர்செய்யச் சொல்லியிருந்தார்கள். யாரோ ஒரு விதவை, தன் புருஷன் பட்டாளத்தில் இருக்கிறானா இல்லையா என்று மட்டும் தெரிந்தால் போதும் என்று நான்கு வரி எழுதியிருந்தாள். பிறகு ஒன்றைப் பிரித்து, எழுத்துக்கூட்டத் தொடங்கினார்.

"மகா… கனம்… பொருந்திய… சமூகத்துக்கு… அடியிற்… கண்ட… ஏழை… எளிய…" நிமிர்ந்து என்னைப் பார்த்தார். "ரைட்டரே, இது உன் கையெயுத்தாச்சே?"

"ஆமாம்" என்றேன். கொஞ்சம் பெருமையாகத்தான் சொன்னேன். மூன்று நாள் யோசித்து எழுதிய வாசகம்.

அவர் மேலே படித்தார். படித்தார். பக்கம் முடிந்துவிட்டது.

"கும்புடு போட்டு முடிக்கவே ஒரு பக்கம் ஆச்சு. கெணறு எப்ப வரும்?"

"ரெண்டாம் பக்கத்தில் வருது."

"தண்ணி இல்லாதவன் ரெண்டாம் பக்கம் வரிக்கும் உசுரோட இருக்கணுமே ரைட்டரே!"

முப்பத்தொரு பேர் சிரித்தார்கள். அஞ்சலை மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து வந்து, இரண்டாம் பக்கத்தின் கீழே இருந்த கைநாட்டுகளைப் பார்த்தாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. வைக்கோல் நறுக்கும்போது வெட்டுப்பட்டு அவளுடைய கட்டைவிரலில் குறுக்கே ஒரு தழும்பு உண்டு. மை ரேகைகளுக்கு நடுவே அந்தக் கோடு வெள்ளையாக விழுந்திருந்தது.

"இது என்னோட வெரலு" என்றாள். "மூணாந்தபா வெச்சது. பொண்ண சுடுகாட்டுக்கு எடுத்துகினு போன வாரத்துல வெச்சது." பிறகு ஜட்ஜுவிடம், "அவன் தொறக்கவே இல்லியா நைனா?" என்று கேட்டாள்.

ஜட்ஜு கட்டுகள் முழுவதையும் தம் மரப்பெட்டிக்குப் பக்கத்தில் அடுக்கச் சொன்னார்.

இரண்டு நாள் தொட்டிக்குக் காகிதம் போகவில்லை. மூன்றாம் நாள் முதலாளி கொட்டகைக்குள் பாய்ந்தார்.

"எஞ்சின் ஓடுது, தொட்டியில வெறும் தண்ணி சுத்துது! என்ன நடக்குது இங்க?"

"கேஸு நடந்துகினு கீது, மொதலாளி."

"என்ன கேஸு?"

"ஒற பிரிக்காத கேஸு. பிரிக்காத கடுதாசிய நா தொட்டில போட மாட்டேன்."

"அதான் நீ பிரிச்சிட்டியே, போடு!"

"நா பிரிச்சா ஆச்சா? யாருக்கு எய்தினாங்களோ அவன் படிக்கணும்."

"அவன் படிக்காமத்தான்யா நமக்கு வித்தான்! நான் வாங்கின காகிதம்யா இது!"

"காகிதம் உங்களிதுதான், மொதலாளி. எயுத்து யாருது?"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். அவரை வெளியே தள்ளிவிட்டு வேறு ஆளைப் போடுவதென்றால் பெண்களும் கூடவே எழுந்துவிடுவார்கள். கோப்பு உறைகளைக் கொடுக்க ஒரு வாரம்தான் இருந்தது. அந்த நேரத்தில் ஜட்ஜு எழுந்து, டவாலிப் பட்டையைச் சரிசெய்துகொண்டு, மிகவும் பணிவாக, "ஒட்டறதுக்குக் காகிதம் கெடைக்கலன்னு சொன்னீங்களே, இதெல்லாம் நல்ல காகிதம். ஒரு பக்கந்தான் எய்திகீது. இத்தயே ஒட்டிக் குடுத்துடலாமா?" என்றார்.

முதலாளியின் முகம் விளக்கேற்றியதுபோல் ஆயிற்று. "ஒட்டு, ஒட்டு! எழுத்துப் பக்கம் உள்ளே போகணும். வெள்ளைப் பக்கம் வெளியே வரணும். தெரியுதா?"

"அத்தச் சொல்லணுமா மொதலாளி?" என்றார் ஜட்ஜு. அவர் சொன்னது அவ்வளவுதான். அதில் பொய் எதுவும் இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

பெண்கள் மைதா பசை காய்ச்சினார்கள். மனு ஒன்றுக்கு ஒரு தாள். விஷயம் உள்ள தாள். கும்பிடு போட்ட பக்கங்களெல்லாம் தொட்டிக்குப் போயின. என்னுடைய முதல் பக்கங்கள் மூன்றும் போயின. அந்த வாரத்து அட்டை வழக்கத்தைவிட மிருதுவாக வந்தது என்று முதலாளியே பாராட்டினார். மொத்தம் நானூறு உறைகளில் எண்பத்து மூன்றில் வெள்ளைப் பக்கம் வெளியே. அவை ஒவ்வொரு கட்டிலும் மேலாக இருந்தன. முதலாளி மேலே இருந்ததைத்தான் திறந்து பார்த்தார். மீதி முந்நூற்றுப் பதினேழில் என்ன இருந்தது என்பது எனக்குத் தெரியும். நான் கட்டுகளை எண்ணினேன், பிரித்துப் பார்க்காமல் முத்திரை குத்தினேன். அந்த ஆபீஸ்காரர்களைக் குறை சொல்ல எனக்கு இருக்கும் யோக்கியதை இவ்வளவுதான்.

ஒரு மாதம் கழித்து, ஒரு பிற்பகலில் ஜட்கா வந்து நின்றது. இறங்கியவர் அந்த ஆபீஸின் ஹெட் கிளார்க். மூக்கில் கைக்குட்டை, கக்கத்தில் எங்கள் கோப்பு உறை. முதலாளி ஓடிப்போய் நாற்காலி போட்டார். அவர் உட்காரவில்லை. உறையைத் திறந்து காட்டினார். முதலாளி படித்துப் பார்த்துவிட்டு, போட்ட நாற்காலியில் தாமே உட்கார்ந்துவிட்டார்.

"யார் பண்ணின வேலை இது?"

"நாந்தான் சார்" என்று ஜட்ஜு கொட்டகையிலிருந்து வந்தார். பின்னால் பெண்கள் எல்லோரும்.

"யோவ், உனக்கு மூளை இருக்கா? எந்தக் கோப்பைத் தொறந்தாலும் மனு! இடது பக்கம் மனு, வலது பக்கம் கோப்பு! ஆபீஸ்ல ஒருத்தன் நிம்மதியா வேலை பார்க்க முடியல!"

"அத்த வுடு சார். தொர படிச்சாரா?"

"என்னய்யா திமிரு உனக்கு?"

"தொர படிச்சாரா இல்லியா? அத்த மட்டும் சொல்லு."

ஹெட் கிளார்க் கைக்குட்டையை எடுத்துவிட்டார். அழுகிறவர்போல் இருந்தது. "படிச்சார்யா, படிச்சார்! புதுசா வந்த துரை, தமிழ்ப் பரீட்சை பாஸ் பண்ணினவர். எங்கே தமிழைப் பார்த்தாலும் எழுத்துக்கூட்டிப் படிச்சுத் தொலைக்கிறார். ஒருநாள் முழுக்க உட்கார்ந்து அட்டை அட்டையாப் படிச்சார். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு, இந்தக் கிணறு வெட்டியாச்சான்னு கேட்டார்."

"நீ இன்னா சொன்னே?"

"வெட்டிக்கிட்டிருக்கோம்னு சொல்லிட்டேன்யா! வேற என்ன சொல்றது? பதினைஞ்சு நாள்ல நேர்ல வந்து பார்க்கிறாராம்!"

அஞ்சலை முன்னால் வந்தாள். "அப்ப இன்னும் இங்க நின்னுகினு இன்னா சார் பேசிகினு கீறே? கடப்பாரை எங்க?"

நாட்டில் சர்க்கார் கிணறு அவ்வளவு வேகமாக வெட்டப்பட்டதை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை. பதினோராவது நாள் தண்ணீர் கண்டது. ஹெட் கிளார்க் தினமும் வந்து குடை பிடித்துக்கொண்டு நின்றார். மற்ற மனுக்களின் கதையையும் சொல்லிவிடுகிறேன். வானகரத்து மதகுக்குப் பலகை வந்தது, அளவு குறைவாக. ஐயப்பன்தாங்கல் பாதை பரிசீலனையில் இருப்பதாகக் கடிதம் வந்தது. இன்னமும் பரிசீலனையில் இருப்பதாக நம்புகிறேன். விதவைக்கு ஏதாவது பதில் போயிற்றா என்று ஜட்ஜு பலரிடம் விசாரித்தார். யாருக்கும் தெரியவில்லை.

துரை வந்து, கிணற்றை எட்டிப் பார்த்து, "நல்ல தன்னீர்" என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் போன மறுவாரம் ஆர்டரை ரத்து செய்து கடிதம் வந்தது. காரணம் எழுதவில்லை. காரணம் எழுத வேண்டுமானால் உறையை இணைத்து அனுப்ப வேண்டியிருக்கும். அந்த ஆர்டரை நம்பித்தான் முதலாளி மூச்சு விட்டுக்கொண்டிருந்தார். இரண்டு மாதம் இழுத்துப் பார்த்துவிட்டு மில்லை மூடினார்.

மூடுகிற நோட்டீஸைப் பெண்களிடம் படித்துக் காட்ட அவருக்குத் தைரியம் வரவில்லை. எனக்கும் வரவில்லை. ஜட்ஜுதான் மரப்பெட்டி மேல் ஏறி, வழக்கம்போல எழுத்துக்கூட்டிப் படித்தார். அவர் படிக்கிற வேகத்தில், வேலை போய்விட்டது என்பது பெண்களுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"உன்னாலதான்யா என் மில்லு போச்சு!" என்றார் முதலாளி.

ஜட்ஜு நோட்டீஸை விரலால் தடவிப் பார்த்தார். "நல்ல காகிதம், மொதலாளி. கந்தத் துணிக் கூயில செஞ்சது. இந்த மாரி காகிதம் நம்ம மில்லுல ஒரு நாளும் வந்ததில்ல."

 அஞ்சலை குறுக்கே வந்தாள்.

"வாய்க்கு ஒண்ணும் கொறச்சலில்ல" என்றாள். "முப்பத்திரண்டு பேரு நைனா. தண்ணி குடுத்தே, செரி. சோத்தப் புடுங்கிட்டியே. வெறுந் தண்ணிய குடிச்சிகினு குந்திகினு இருக்கச் சொல்றியா?"

ஜட்ஜு மரப்பெட்டியிலிருந்து இறங்கினார். டவாலிப் பட்டையைக் கழற்றிக் கையில் சுற்றிக்கொண்டு பூந்தமல்லி பக்கமாக நடந்தார்.  யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

கத்தி உருளையை இரும்புக்கடைக்காரர் வாங்கிப் போனார். கூரைத் தகரம் நாலு ஊருக்குப் பிரிந்து போயிற்று. மிச்சமிருந்த அட்டைகளை மாடுகள் தின்று முடித்தன. பெண்கள் வானகரத்துச் செங்கல் சூளைக்குப் போனார்கள். வேலை இதைவிடக் கடினம், தூரமும் அதிகம்.

அடுத்த கோடை. ஊர்க் கிணறு வற்றிவிட்டது. சேரிக் கிணற்றில் மட்டும் தண்ணீர் நின்றது. ஒரு சாயங்காலம் நான் அந்தப் பக்கமாக வந்துகொண்டிருந்தேன். கிணற்றைச் சுற்றிப் பெண்கள். பத்தடி தள்ளி, ஒரு பனைமரத்தின் அருகே, ஜட்ஜு நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக என்று தெரியவில்லை. கிட்டே வரவும் இல்லை, போகவும் இல்லை.

அஞ்சலை கயிற்றை இழுத்தபடியே, "இன்னா நைனா, எதுனா கடுதாசி கீதான்னு பாக்க வந்தியா?" என்றாள்.

"இல்லம்மே. சொம்மா இப்டிக்கா வந்தேன். தண்ணி எப்டி கீதுன்னு…"

"பூந்தமல்லிலேருந்து சொம்மா இப்டிக்கா வந்தியா? இந்த வெய்யில்லியா? வா. குந்து. கைய நீட்டு."

அவர் வந்து குத்துக்காலிட்டு உட்கார்ந்து கையைக் குவித்தார். அவள் மேலிருந்து ஊற்றினாள். அவசரமில்லாமல், நிறுத்தி நிறுத்திக் குடித்தார். குடித்துவிட்டு உதட்டைத் துடைத்துக்கொண்டார். ஒரு கண்ணை மூடினார்.

"உப்பு கீது" என்றார்.

"உப்பு கீதா?" அஞ்சலை குடத்தைத் தரையில் வைத்தாள். "போ, போய் மனு போடு!"

பெண்கள் போட்ட சத்தத்தில் பனைமரத்திலிருந்து காக்கைகள் கிளம்பின. ஜட்ஜு சிரித்தார். தாடியெல்லாம் தண்ணீர் சொட்டச் சொட்டச் சிரித்தார். அஞ்சலை இன்னொரு முறை வாளியைச் சாய்த்தாள். அவர் பக்கத்தில் குந்தி நானும் கையை நீட்டினேன். வீட்டில் சொல்லவில்லை.

அவர் சொன்னது சரிதான், உப்புத் தண்ணீர். அதன்பிறகு உத்தியோகத்தில் எத்தனையோ ஊர்களுக்குப் போய் எத்தனையோ கிணற்றுத் தண்ணீர் குடித்திருக்கிறேன். எல்லாம் நல்ல தண்ணீர்தான். உப்புத்தான் கொஞ்சம் போதவில்லை.